பிறர் யோசனையும் நம் தொழிலும்

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாலிபர் நம்மைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு பாங்கியின் நோட்டீஸ் இருந்தது. 2002-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 60 நாளைக்குள் கடனைச் செலுத்தத் தவறினால், ஈடு வைத்த வீட்டைப் பாங்கி தன் வசப்படுத்தும் என்பது அதன் சாரம். வாலிபர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். சூதாடியவரல்லர், குடிப்பவரல்லர், சோம்பேறியுமல்லர். பின் இந்தக் கதி எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டோம். "பெரியவங்க சொன்னபடிதானுங்க செஞ்சேன்" என்றார்.

விவரம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மகாநாட்டில், இத்தொழிலில் கோடி கண்ட கனவான் ஒருவர் பிரசங்கம் செய்தாராம். கொட்டகைக்குள் நின்றுகொண்டிருப்பவன் கடைசிவரை பண்ணையாளாகவே இருப்பான், முதலாளியாக வேண்டுமானால் வெளியே வா, விலை விழும் காலத்தில் கொட்டகையைப் பெருக்கு, கடனுக்கு அஞ்சாதே, தினசரிக் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் தூங்காதே என்பன அப்பிரசங்கத்தின் முக்கிய அம்சங்கள். நம் வாலிபருக்கோ, விடியுமுன் கொட்டகையில் நுழைந்து, கோழிகள் எழுப்பும் சத்தத்தையும், எச்சத்தையும், தொட்டியில் மிஞ்சிய தீவனத்தையும் கொண்டே நோயை முன்னறியும் கண் உண்டு. அவருடைய மூலதனமே அந்தக் கண்தான். அதை விட்டுவிட்டு, ஒரு மேற்பார்வையாளரை நியமித்து, வீட்டை ஈடு வைத்துப் புதிதாக இரண்டு கொட்டகை எழுப்பினார். கோடையில் நோய் கண்டது. அவருக்குத் தகவல் எட்டியது நான்கு நாள் கழித்து.

யோசனை சொன்ன கனவான்மீது நாம் குற்றம் சாட்ட வரவில்லை. அவர் தம் அனுபவத்தையே சொன்னார். ஆனால் அவருக்குத் தம்பிமார் மூவர் என்று பிறகு விசாரித்து அறிந்தோம். ஒருவர் தீவனத்தைப் பார்க்கிறார்; ஒருவர் கொட்டகையைப் பார்க்கிறார்; ஒருவர் கணக்கைப் பார்க்கிறார். ஆகவே அவர் வெளியே வந்தபோது உள்ளே மூன்று ஜோடிக் கண்கள் இருந்தன. பிரசங்கத்தில் தம்பிமார் வரவில்லை. அவர் மறைத்தார் என்பதல்ல. தனக்கு இயல்பாக வாய்த்திருப்பதை எவனும் யோசனையோடு சேர்த்துச் சொல்வதில்லை. தண்ணீரின் பெருமையை மீன் பேசுமோ?

இன்று சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் எந்த ஊருக்குச் சென்றாலும் இந்தப் பிரசங்க மோகம் காணப்படுகிறது. லாரி வைத்திருப்பவர், விசைத்தறி ஓட்டுபவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் யந்திரத்தோடு வடதேசம் சென்று வருபவர் எல்லாரும் கைப்பேசியில் யாரோ ஒரு கோடீசுவரரின் உபதேசத்தைக் கேட்ட வண்ணம் இருக்கிறார்கள். நாலு மணிக்கு எழு என்கிறார் ஒருவர். எல்லா வேலையையும் பிறரிடம் ஒப்படை என்கிறார் இன்னொருவர். எதையும் ஒப்படைக்காதே என்கிறார் மூன்றாமவர். மூவரும் பணக்காரர்! புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறார்கள். கேட்டவர்கள் சிரித்தார்களேயன்றி, பூனை தாங்கள்தான் என்று நினைக்கவில்லை.

நாமும் ஒரு காலத்தில் அந்தப் பூனையாக இருந்தவரே. வக்கீல் தொழிலில் புகுந்த புதிதில், கையில் துண்டுக் காகிதமும் இன்றிக் குறுக்கு விசாரணை செய்யும் பெரிய வக்கீல் ஒருவரிடம் வேலை பழகினோம். குறிப்பு வைத்துக்கொள்கிறவன் சாட்சியின் முகத்தைப் பார்க்கமாட்டான் என்பது அவர் உபதேசம். அதை வேதவாக்காகக் கொண்டு, ஒரு பாகப் பிரிவினை வழக்கில் வெறுங்கையோடு எழுந்து நின்று, மூன்று சர்வே நம்பர்களையும் குழப்பி, எதிர்க் கட்சிக்காரருக்கு அனுகூலமான பதிலை நாமே வாங்கிக் கொடுத்தோம். அவருடைய ஞாபகசக்தி நமக்கில்லை. பிறகு கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு, எழுதியதை ஒரு பார்வையில் வாங்கிக்கொண்டு, சாட்சியின் முகத்தைப் பார்க்கப் பழகினோம். பெரியவரின் யோசனையில் சாரம் முகத்தைப் பார் என்பது. காகிதத்தை எறி என்பது அவருக்கு மட்டும் பொருந்திய உபாயம். இந்த வித்தியாசம் புலப்பட நமக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இதனால், பெரியவர் சொல்லை உதறித் தள்ளுவதே சுயபுத்தி என்று யாரும் கொள்ளவேண்டாம். அது மற்றோர் அசட்டுத்தனம். அரசியல் ஊழியர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மதுவிலக்கு என்ற கொள்கையை அமெரிக்கா 1920-இல் தேசம் முழுவதிலும் ஒரே நாளில் அமுலாக்கி, 1933-இல் கைவிட்டது. கொள்கை தோற்றதா, முறை தோற்றதா என்று ராஜாஜி யோசித்திருக்க வேண்டும். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கள்ளின் கொடுமையைக் குடிசை வாசலில் நின்று கண்டவர் அவர். 1937-இல் பிரதம மந்திரியானதும், தாம் அறிந்த சேலம் ஜில்லா ஒன்றில் மட்டும் அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகே வேறு ஜில்லாக்களுக்கு விஸ்தரித்தார். வருமான நஷ்டத்துக்கு ஈடாக 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அந்த ஏற்பாட்டின் பலாபலனைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். வெளிநாட்டு யோசனையை உள்ளூர்க் கையால் அளந்து வெட்டியதற்கு அது நல்ல உதாரணம்.

நிற்க. அதே திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்த ஸ்ரீ டி. ஆர். சுந்தரத்தின் கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அவர் இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பெற்றவர். படித்தது நெசவு, புகுந்தது சினிமா. அந்நாளில் தமிழ்ப் படம் எடுப்பதென்றால் நடிகர் கூட்டத்தோடு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டும். அவரும் முதலில் வெளியூர் ஸ்டூடியோக்களையே நாடினார். பின்னர் சென்னையில் ஸ்டூடியோக்கள் தோன்றின. நடிகரும் பாடகரும் அங்கே குவிந்தார்கள். சென்னைக்குப் போ என்பதுதான் அன்று எந்த அனுபவசாலியும் சொல்லக்கூடிய புத்திமதி. ஸ்ரீ சுந்தரமோ சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை ஸ்தாபித்தார். அதன் முதற்படமான 'சதி அகல்யா' 1937-இல் வெளிவந்தது.

அவர் மேல்நாட்டாரைப் பின்பற்றவில்லையா? தாராளமாகப் பின்பற்றினார். ஒரே மதிலுக்குள் படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, படம் கழுவுதல், தச்சுப்பட்டறை எல்லாம் அடங்கவேண்டும். தொழிலாளர் மட்டுமன்றி நடிகரிலும் பலர் மாதச் சம்பளத்தில் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் காட்டிய வழி. ஆனால் அக்கம்பெனிகளுக்கு அன்று சொந்தமாகக் கொட்டகைச் சங்கிலி இருந்தது. எடுத்த படம் எப்படி இருந்தாலும் திரையிட இடம் உண்டு. சேலத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை. சென்னையிலிருந்து 200 மைலுக்கு அப்பால் நடிகரை வரவழைத்து, வீடு கொடுத்து, சம்பளமும் கொடுத்தால், ஒவ்வொரு நாளும் செலவு ஓடும். ஆகவே அமெரிக்கரிடம் மதிலைக் கடன் வாங்கியவர், மதிலுக்குள் நெசவாலையின் ஒழுங்கைக் கொண்டுவந்து வைத்தார். குறித்த நேரத்தில் வேலை தொடங்கும். குறித்த நேரத்தில் முடியும். திட்டமிட்ட நாட்களில் படம் முடிந்தாகவேண்டும். நட்சத்திரமானாலும் சரி, விளக்குத் தூக்குகிறவரானாலும் சரி, கண்டிப்பில் பேதமில்லை. சேலத்தில் இருப்பது என்ற குறையையே அவர் பலமாக்கிக்கொண்டார். நடிகர் வேறு படத்துக்கு ஓட அங்கே வேறு ஸ்டூடியோ ஏது?

இந்த முறையால் அவர் சாதித்தவை சாமானியமல்ல. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் சேலத்து ஸ்டூடியோவின் தயாரிப்பாக வந்தது. 1940-இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்'. 1950-இல் கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வர்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961-இல் மலையாளத்தின் முதல் வர்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. 'மந்திரி குமாரி'யை இயக்கத் தொடங்கிய அமெரிக்கர் எல்லிஸ் டங்கன் இடையில் தாய்நாடு திரும்பியபோது, மீதியை ஸ்ரீ சுந்தரமே இயக்கி முடித்தார். ஒரு மனிதர் விலகியதால் சக்கரம் நின்றுவிடாதபடி அமைந்திருந்தது அவருடைய முறை.

இதற்கு நேர் எதிரிடையாக, சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ ஸ்தாபகர் ஸ்ரீ எஸ். எஸ். வாசனைப் பாருங்கள். அவர் விளம்பரத் தொழிலிலும் பத்திரிகைத் தொழிலிலும் தேர்ந்தவர். 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வுக்கு வருஷக்கணக்கில் காலத்தையும் லட்சக்கணக்கில் பணத்தையும் கொட்டினார். திருப்தியில்லாததைத் திரும்ப எடுத்தார். பிறகு தேசம் முழுவதும் அதைப் பற்றியே பேசும்படி விளம்பரம் செய்து, ஹிந்தியிலும் வெளியிட்டு வெற்றி கண்டார். குறித்த நாளில் முடி என்ற சேலத்து விதியை வாசன் கைக்கொண்டிருந்தால் 'சந்திரலேகா' பிறந்திராது. வாசனுடைய தாராளத்தைச் சேலம் கைக்கொண்டிருந்தால் நாலாவது படத்தோடு கதவு மூடியிருக்கும். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்பது வீண். ஒருவருடைய சுபாவம் கடிகாரம், மற்றவருடையது தம்பட்டம். தத்தம் சுபாவத்தை அறிந்து, அதைத் தொழிலுக்கு வேலைக்காரனாக அமர்த்திக்கொண்டார்கள். (சினிமாவை உதாரணம் காட்டியதற்குச் சில காந்தி பக்தர்கள் நம்மைக் கோபிக்கக்கூடும். பொறுத்தருள்க.)

ஸ்ரீ சுந்தரம் 1963-இல் காலமானார். அவருக்குப் பின் அவர் குமாரர் துப்பறியும் படங்களால் ஸ்தாபனத்தைப் பல வருஷம் நடத்தினார். நடிகர்கள் படத்துக்குப் படம் கூலி பேசவும், இயக்குநர்கள் கிராமங்களுக்குக் காமிராவைத் தூக்கிச் செல்லவும் ஆரம்பித்த பிறகு, மதிலும் மாதச் சம்பளமும் பாரமாயின. இன்று ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. ஒரு காலத்துக்குப் பொருந்திய முறை எல்லாக் காலத்துக்கும் பொருந்துவதில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

ஒட்டு மாங்கன்று செய்யும் சேலத்துத் தோட்டக்காரரிடம் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் தத்துவ விசாரணை தேவைப்படாது. நாட்டு மாங்கொட்டையை முளைக்கவைத்து, அந்த மண்ணில் வேரூன்றிய கன்றின் மேலேதான் மல்கோவாக் கிளையை ஒட்டுகிறார்கள். கிளையை வெட்டி நேரே மண்ணில் நட்டால் வெயிலில் கருகும்.

ஜவ்வரிசித் தொழில் இவ்வாறு ஒட்டிய மரமே. யுத்தத்துக்கு முன் நாம் பாயசத்தில் போட்ட ஜவ்வரிசி பெரும்பாலும் மலேயா, ஜாவாப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று, கப்பல் நின்றது. நோயாளியின் கஞ்சிக்கும் ஜவ்வரிசி இல்லை. நூலுக்குப் போடும் மாவுக்கும் தட்டுப்பாடு. அப்பொழுது சேலத்திலிருந்து மலையாளத்துக்கு வியாபார நிமித்தம் சென்றுவந்த ஸ்ரீ மாணிக்கம் செட்டியார் என்பவர், பினாங்கிலிருந்து வந்திருந்த ஸ்ரீ பொபட்லால் ஷா என்னும் குஜராத்தியரைச் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையை ஷா அறிந்திருந்தார். 1943-இல் சேலத்தில் இத்தொழில் ஆரம்பமாயிற்று.

சொல்லிக் கொடுத்தவருக்கு முறை தெரியும். ஆனால் மலேயாவின் யந்திரங்கள் இங்கில்லை. யுத்த காலத்தில் தருவிக்கவும் வழியில்லை. இருந்தவை எவை? புன்செய் நிலத்தில் விளையும் குச்சிக்கிழங்கு, கொளுத்தும் வெயில், பரந்த களம், கை. கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவைத்து, அடியில் படிந்த ஈரமாவை உதிர்த்து, துணியைத் தூளிபோல் கட்டி அதிலிட்டு ஆட்டினார்கள். தாய் பிள்ளையை ஆட்டுவதுபோல் ஆட்ட ஆட்ட, மாவு முத்தாகத் திரண்டது. அதைச் சலித்து, வட்டையில் வறுத்து, களத்து வெயிலில் உலர்த்தினார்கள். பின்னர் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு வேலைக்கும் யந்திரம் சமைத்துத் தந்தார்கள். தூளிக்குப் பதில் ஆட்டும் யந்திரம் வந்தது. ஆவியில் வெந்த நைலான் ஜவ்வரிசியும் வந்தது. மழை மிகுந்த பினாங்கில் இத்தனை திறந்த களம் பிரயோஜனப்பட்டிராது. ஆத்தூர், ராசிபுரம் வெயிலுக்கு அது பொன்னாயிற்று. வறட்சி நம் ஜில்லாவின் சாபம் என்று புலம்பிக்கொண்டிருந்தோம். இத்தொழிலுக்கு அந்த வெயிலே மூலதனமாகிவிட்டது.

விற்பனையில் வேறொரு பாடம். ஆலைக்காரர்கள் தனித்தனியே நின்றவரையில் வியாபாரி சொன்னதே விலை. 1981-இல் சேகோசர்வ் என்று ஜனங்கள் அழைக்கும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். குஜராத்தில் ஆனந்த் நகரத்துப் பால் சங்கம் அன்று தேசத்துக்கே வழிகாட்டி. எனினும் பால் ஒரு நாளில் கெடும். ஜவ்வரிசி மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே சங்கம் ஆலை நடத்தப் புகவில்லை. கிடங்கில் சரக்கை வைத்து, அதன்மேல் முன்பணம் கொடுத்து, ரகசிய டெண்டரில் விற்கும் வேலையை எடுத்துக்கொண்டது. ஆலை அவரவர் கையில். விலை பேசும் வாய் மட்டும் பொதுவில். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆயினும் இங்கேயே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாகவேண்டும். நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வது என்ற பெயரால், சிலர் மக்காச்சோள மாவைக் கலந்தார்கள். வெளுப்புக்காக ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அதிகாரிகள் ஆலைகளைச் சோதனையிட்டுச் சரக்கைக் கைப்பற்றிய செய்திகளை வாசகர்கள் படித்திருப்பார்கள். வடநாட்டில் விரதநாளில் பக்தியோடு உண்ணும் பண்டம் இது. துணித்தூளி யந்திரமாவது மாற்றம். கிழங்கு சோளமாவது மோசடி. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பவர்களோடு நமக்கு வாதம் இல்லை.

முட்டைக்கு வருவோம். வெங்கடேசுவரா ஹாச்சரீஸ் ஸ்தாபகரான டாக்டர் பி. வி. ராவ், பண்ணையாளரே தம் முட்டைக்கு விலை கூறவேண்டும் என்று தேசமெங்கும் பிரசாரம் செய்தார். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. நாமக்கல் அந்த யோசனையை ஏற்றுத் தன் மண்டலத்துக்கென விலை அறிவிக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கத்தில் கறிக்கோழிக்குக் கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக் கூலி தருகிறது. சில வாரத்தில் கணக்குத் தீர்கிறது. முட்டைக்கோழி ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் இடும். தீவனத்தைத் தாமே அரைத்துக் கலந்து, தினசரி விலையோடு மல்லாடும் பண்ணையாளருக்குக் கூலி முறை ஒவ்வவில்லை. அறிவித்த விலைக்குக் கீழே 'மைனஸ்' என்று வியாபாரி குறைத்துக் கேட்பதும், பலவீனர் கொடுப்பதும் நாமக்கல்லில் யாவரும் அறிந்தது. ராவ் யோசனையின் ஒரு பாதி வேரூன்றியது. மறுபாதிக்கு, அதாவது எல்லாரும் ஒரே சொல்லில் நிற்பதற்கு, வேண்டிய மண்ணை இன்னும் நாம் பதப்படுத்தவில்லை. இது நம் ஊழியர்கள் கவனிக்கவேண்டிய வேலை. தேர்தல் காலத்தில் மட்டும் பண்ணைகளுக்குப் போய்க் கைகுவித்தால் போதாது.

நம் வாலிபரிடம் நாம் கேட்ட கேள்விகள் இரண்டுதான். யோசனை சொன்னவருக்கு எந்தக் குறை இருந்ததால் அந்த யோசனை பிறந்தது? அந்தக் குறை உமக்கு உண்டா? முதற் கேள்விக்கு அவர் வெகுநேரம் யோசித்தார். கனவானுக்குத் தம்பிமார் பலர். எல்லாரும் ஒரே கொட்டகையில் முட்டிக்கொள்ளாதிருக்க மூத்தவர் வெளியே வரவேண்டியிருந்தது. இரண்டாவது கேள்விக்கு, "எனக்குத் தம்பியே இல்லீங்க" என்று சிரித்துவிட்டார். நோட்டீஸ் வந்த பிறகு அவர் சிரித்தது அதுவே முதல் தடவை என்று உடன் வந்த மாமனார் சொன்னார்.

பாங்கியோடு பேசி ஆறு தவணை வாங்கினோம். புதிய கொட்டகை இரண்டையும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டார். நஷ்டந்தான். மேற்பார்வையாளரை நீக்கவில்லை, முட்டை ஏற்றும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு, விடியுமுன் கொட்டகையில் நுழையும் வேலையைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டார். பிரசங்கத்தில் கேட்ட தினசரிக் கணக்கை மட்டும் விடவில்லை. கனவானிடம் அதற்குக் கம்ப்யூட்டரும் குமாஸ்தாவும் உண்டு. இவர் கொட்டகைக் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தீவனம் எத்தனை மூட்டை, முட்டை எத்தனை, செத்தது எத்தனை என்று நின்றபடியே எழுதுகிறார். இரண்டு தவணை கட்டியாயிற்று, நான்கு பாக்கி.